கறுப்புப் படிவு எதைச் சொல்கிறது? நொதிகளைக் கண்டறிய எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நொதி செல்லுக்குள் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை வேதிவினையின் மூலம் காட்டித்தரும் துறைக்கு நொதிச் செல்வேதியியல் என்று பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த முறையைப் பயன்படுத்துவோரும், அதில் எடுத்த படங்களை ஆய்வுக் கட்டுரைகளில் படிப்போரும் பெரும்பாலும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. சேர்மங்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும் அமில பாஸ்படேஸ் என்ற நொதியையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறோம். இத்துறையின் வரலாறும் சிக்கல்களும் அதைச் சுற்றியே அதிகம் திரண்டிருக்கின்றன.

நொதியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடியாதா?

வழக்கமான மெல்லிய வெட்டுகளில் முடியாது. நொதி பெரும்பாலும் ஒரு புரதம். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், சிறிது கந்தகம் ஆகியவற்றால் ஆனது. அதைச் சூழ்ந்திருக்கும் சைட்டோபிளாசமும் சவ்வுகளும் ஏறத்தாழ அதே தனிமங்களால்தான் ஆகியுள்ளன. எலக்ட்ரான்களை வலுவாகச் சிதறடிப்பவை கனமான அணுக்கள் என்பதால், சில நானோமீட்டர் அளவுள்ள ஒரு புரத மூலக்கூறு தன் அண்டைப் புரதத்திலிருந்து பிரிந்து தெரிய வழியில்லை.

ஆகவே நொதியை விட்டுவிட்டு, அது செய்த வேலையின் எச்சத்தைத் தேடுகிறோம். தச்சர் எழுந்து போய்விட்டாலும், தரையில் கிடக்கும் மரச்சீவல் அவர் எங்கே உட்கார்ந்து இழைத்தார் என்பதைச் சொல்லிவிடும். நொதிக்கு உரிய தளப்பொருளை, அதாவது நொதி வினைபுரியும் சேர்மத்தை, செல்லுக்குள் செலுத்தி, வினையில் வெளிப்படும் விளைபொருளை ஒரு கன உலோக அயனியால் உடனே பிடித்து, கரையாத வீழ்படிவாக அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டால், அது படத்தில் கறுப்பாகத் தெரியும். இந்தக் கறுப்பு நொதியல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இத்துறையில் நேர்ந்த பெரும்பாலான குழப்பங்கள் இதை மறந்ததால் வந்தவை.

இந்த முறை எப்படித் தோன்றியது?

ஹங்கேரியில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஜார்ஜ் கோமோரியும் ஜப்பானைச் சேர்ந்த தகமட்சுவும் 1939-இல் ஒருவரையொருவர் சாராமல் கார பாஸ்படேஸ் நொதிக்கு இத்தகைய உலோக முறையை வெளியிட்டார்கள். 1941-இல் கோமோரி அமில பாஸ்படேஸுக்கான ஈய முறையைத் தந்தார். அவை ஒளி நுண்ணோக்கிக்காக உருவானவை. ஈய பாஸ்பேட் நிறமற்றது என்பதால் அதை அம்மோனியம் சல்பைடால் பழுப்பு நிற ஈய சல்பைடாக மாற்ற வேண்டியிருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அந்தக் கடைசிப் படியே தேவைப்படவில்லை. ஈய பாஸ்பேட் எலக்ட்ரான்களுக்குத் தானாகவே கறுப்பு.

1955-இல் கிறிஸ்டியன் டி டுவ், செல்களை உடைத்து மைய விலக்கத்தால் பிரித்த பகுதிகளில் அமில நொதிகளின் பரவலை அளந்து, லைசோசோம் என்ற, செல்லுக்குள் செரிமானம் நடக்கும் நுண்ணுறுப்பு இருக்க வேண்டும் என்று முன்வைத்தார். அதை நுண்ணோக்கியில் அடையாளம் காண அலெக்ஸ் நோவிகாஃப் போன்றோருக்குக் கைகொடுத்தது கோமோரியின் ஈய வினைதான். 1963-இல் சபாட்டினி, பென்ஷ், பார்னெட் ஆகியோர் குளுட்டரால்டிஹைடால் திசுக்களை நிலைப்படுத்தினால் (அமைப்பு சிதையாமல் இறுக்கி வைத்தால்) நுண்ணமைப்பும் நன்றாகக் காக்கப்படும், பல நொதிகளின் செயலும் ஓரளவு எஞ்சும் என்று காட்டினார்கள். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

கோமோரியின் ஈய வினைக்கலவையில் என்ன இருக்கிறது?

பி.எச். மதிப்பு 5-இல் வைத்த அசிடேட் தாங்கல் கரைசல், தளப்பொருளாகச் சோடியம் பீட்டா கிளிசரோபாஸ்பேட், பிடிக்கும் அயனியைத் தர ஈய நைட்ரேட் ஆகிய மூன்றும் இருக்கின்றன. நிலைப்படுத்திய திசுவை இதில் 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், நொதி கிளிசரோபாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும். அது விலகிச் செல்லும் முன் ஈயத்துடன் சேர்ந்து ஈய பாஸ்பேட்டாக வீழ்படியும்.

ஈயத்தின் செறிவில்தான் நுட்பம் இருக்கிறது. குறைந்தால் பாஸ்பேட் நகர்ந்து போய், நொதி இல்லாத உட்கருவில்கூட ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் ஈயமே நொதியின் செயலை ஒடுக்கும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைத் தளப்பொருளாகக் கொண்ட ஏ.டி.பி.ஏஸ் முறையில் சிக்கல் இன்னும் ஆழமானது. வாக்ஸ்டைன், மைசல் ஆகிய இருவரும் 1957-இல் தந்த அந்த முறையைப் பின்னாளில் சோதித்த ரோசந்தால், மோசஸ் குழுவினர், ஈய அயனியே நொதியின் துணையில்லாமல் ஏ.டி.பி.யை உடைக்கும் என்று 1966-இல் காட்டினர். அதன்பின் பல ஆண்டுகள் இது குறித்து விவாதம் நடந்தது. பழைய ஏ.டி.பி.ஏஸ் படங்களை ஐயத்தோடு பார்ப்பவர்களை நாம் குறைசொல்ல முடியாது.

படிவு கறுப்பாகத் தெரிகிறதே, பிறகு எக்ஸ் கதிர் எதற்கு?

கறுப்பாகத் தெரிபவை பல. திசுவை நிலைப்படுத்தவும் மாறுபாட்டைக் கூட்டவும் பயன்படும் ஆஸ்மியமும் யுரேனியமும் கறுக்கும். செல்லில் இயல்பாகவே இருக்கும் ஃபெரிட்டின், ஹீமோசிடரின் ஆகிய இரும்புச் சேமிப்புகளும், மெலனினும், கால்சியம் படிவுகளும் கறுக்கும். இவற்றில் ஹீமோசிடரின் மிகவும் ஏமாற்றக்கூடியது. அமில பாஸ்படேஸைத் தேடும் அதே லைசோசோமுக்குள்ளேயே அது தங்குகிறது. கண்ணால் மட்டும் பார்த்தால், கல்லீரல் செல்லின் லைசோசோமில் உள்ள கறுப்புத் துகள் ஈய பாஸ்பேட்டா, இரும்பா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தப் புள்ளியின் மீது எலக்ட்ரான் கற்றையை நிறுத்தி, அதிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலை அளந்தால், அங்கே எந்தத் தனிமம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு பயன், கண்ணுக்குத் தெரியாத படிவையும் இதனால் பிடிக்கலாம் என்பது. படத்தில் கறுப்பு எழாத அளவுக்கு மென்மையாகப் பரவியுள்ள உலோகமும் நிறமாலையில், அதாவது எக்ஸ் கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில், முகடாக எழக்கூடும்.

எக்ஸ் கதிர் எப்படித் தனிமத்தின் பெயரைச் சொல்கிறது?

வேகமாக வரும் எலக்ட்ரான் ஓர் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்றை அடித்து வெளியேற்றுகிறது. காலியான இடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று நிரப்பும்போது, இரு கூடுகளின் ஆற்றல் வேறுபாடு எக்ஸ் கதிராக வெளிப்படலாம். அந்த ஆற்றல் அணு எண்ணைப் பொறுத்தது என்பதை 1913-இல் ஹென்றி மோஸ்லி நிறுவினார். இதைக் கருவியாக்கியவர் பிரான்ஸின் ரேமோன் காஸ்டாங். எலக்ட்ரான் கற்றையால் நுண்பகுதியைப் பகுப்பாயும் முறையை விளக்கும் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1951-ஆம் ஆண்டினது. அவர் கருவி உலோகவியலுக்காகப் பிறந்தது. 1968-இல் சிலிக்கான் டிடெக்டர் இத்தகைய கருவியோடு இணைக்கப்பட்ட பின்னரே பல தனிமங்களின் முகடுகளை ஒரே நேரத்தில் திரட்டும் வசதி கிடைத்தது. உயிரியலாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த ஆற்றல் பிரிப்பு முறையைத்தான்.

இந்தப் பணியில் அடிக்கடி எதிர்ப்படும் ஆற்றல்களைக் கிலோ எலக்ட்ரான்வோல்ட் கணக்கில் சொன்னால், பாஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31, குளோரின் 2.62, கால்சியம் 3.69, சீரியம் 4.84, இரும்பு 6.40, செம்பு 8.05 என்று வரும். ஈயத்துக்கு 2.35-இல் எம் வரிசை முகடும் 10.55-இல் எல் வரிசை முகடும் உண்டு. கே, எல், எம் என்பவை அணுக்கருவிலிருந்து வெளிநோக்கி அடுத்தடுத்து அமைந்த எலக்ட்ரான் கூடுகளின் பெயர்கள்.

ஈயத்தை நிறமாலையில் அடையாளம் காண்பது எளிதா?

பார்வைக்கு எளிது, உண்மையில் வழுக்கலான இடம். ஈயத்தின் எம் முகடு 2.35-இலும் கந்தகத்தின் முகடு 2.31-இலும் இருக்கின்றன. இடைவெளி சுமார் 40 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. டிடெக்டரின் பிரிதிறனோ 130 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியது. புரதங்களில் கந்தகம் இருப்பதால், 2.3-இல் எழும் ஒற்றை முகட்டைக் கண்டவுடன் ஈயம் என்று முடிவுகட்டுவது தவறு.

அப்படியானால் 10.55-இல் உள்ள எல் முகட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். அங்கே ஆர்சனிக் காத்திருக்கிறது. அதன் கே முகடு 10.54. செல்லில் ஆர்சனிக் ஏது என்று வியக்க வேண்டாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வகங்கள் விரும்பிப் பயன்படுத்தும் காக்கோடைலேட் தாங்கல் கரைசல் ஓர் ஆர்சனிக் சேர்மம். பாஸ்படேஸ் வினையில் பாஸ்பேட் தாங்கல் கரைசலைப் பயன்படுத்த முடியாது என்பதால் பலரும் நாடுவது அதைத்தான். இரண்டு தனிமங்களுக்கும் இவ்வளவு நெருக்கம் அமைந்தது இயற்கையின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். திசுவை நன்றாகக் கழுவுவதும், ஈயத்தின் அடுத்த முகடான 12.61-ஐத் தேடி உறுதிசெய்வதும் இதற்கு வழிகள். எம், எல் இரண்டும் உரிய விகிதத்தில் சேர்ந்து தோன்றினால் நம்பலாம்.

பாஸ்பேட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும்போது வேறு மோதல் வரும். ஆஸ்மியத்தின் எம் முகடு 1.91-இல் எழுவதால், 2.01-இல் இருக்கும் பாஸ்பரஸ் அதன் நிழலில் மறைந்துவிடும். பகுப்பாய்வுக்காகவே எடுக்கும் மாதிரிகளில் ஆஸ்மியத்தைத் தவிர்ப்பதே நேர்மையான தீர்வு. சவ்வுகள் மங்கலாகும் என்பதை அதற்கு விலையாக ஏற்க வேண்டும். எப்பாக்சி பிசினிலிருந்து குளோரின் முகடு எழுவதையும், வெட்டைத் தாங்கும் சிறு வலையான செம்பு கிரிட்டிலிருந்து செம்பு முகடு எழுவதையும் கண்டு குழம்ப வேண்டாம்.

வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைச் செய்வோருக்கு ஒரு குறிப்பு: ஈயத்தின் எல் முகட்டைத் தூண்ட 13 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். 10 கிலோவோல்ட் முடுக்கத்தில் அந்த முகட்டைத் தேடினால் அது வராது.

ஈயத்துக்குப் பதிலாக வேறு உலோகம் இல்லையா?

சீரியம் உண்டு, புதிதாகத் தொடங்குவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். 1975-இல் பிரிக்ஸ், கர்னோவ்ஸ்கி குழுவினர் மனித நியூட்ரோஃபில் செல்கள் (ஒரு வகை வெள்ளையணுக்கள்) உருவாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சீரியத்தால் பிடித்தார்கள். 1983-இல் ராபின்சனும் கர்னோவ்ஸ்கியும் அதே உலோகத்தைப் பாஸ்படேஸ்களுக்கு விரிவாக்கினார்கள். ஈயப் படிவைவிட இது நுண்மணியாக அமைகிறது. நொதி இல்லாத இடங்களில் ஒட்டும் இயல்பும் குறைவு. 4.84-இல் எழும் முகட்டோடு செல்லில் இயல்பாக இருக்கும் எந்தத் தனிமமும் மோதுவதில்லை. பேரியம் மட்டும் மோதும். ஆகவே இவ்விரண்டையும் ஒரே மாதிரியில் சேர்க்கக் கூடாது.

எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு தன் முழுப் பயனையும் காட்டுவது சீரியத்தில்தான். சீரியத்தோடு பாஸ்பரசும் சேர்ந்து தோன்றினால் அது சீரியம் பாஸ்பேட். பாஸ்படேஸ் வேலை செய்திருக்கலாம். பாஸ்பரஸ் இல்லாமல் சீரியம் மட்டும் தோன்றினால் அது பெராக்சைடோடு சேர்ந்த படிவாக இருக்கலாம்; ஆக்சிடேஸ் வகை நொதியை எண்ணிப் பார்க்க வேண்டும். வினைக்கலவையின் பி.எச். தவறிப்போய்ச் சீரியம் ஹைட்ராக்சைடாக வெறுமனே படிந்தாலும் இதே தோற்றம்தான் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். படத்தில் இவை மூன்றும் ஒரே கறுப்பு.

வேறு எந்த நொதிகளுக்கு இத்தகைய முறைகள் உள்ளன?

அரைல்சல்ஃபடேஸ் பிரிக்கும் சல்பேட்டைப் பேரியத்தால் பிடித்துப் பேரியம் சல்பேட்டாக்கலாம். அசிடைல்கோலினெஸ்டரேஸுக்குக் கர்னோவ்ஸ்கியும் ரூட்ஸும் 1964-இல் தந்த முறையில் செம்பு ஃபெர்ரோசயனைடு படிகிறது. இரும்பும் செம்பும் ஒருங்கே தோன்ற வேண்டும் என்பதால் இரட்டைச் சான்று கிடைக்கும். ஆனால் செம்பு கிரிட்டில் வைத்தால் அந்தச் சான்றில் பாதி வீணாகும். நிக்கல், நைலான் போன்ற வேறு கிரிட் வேண்டும்.

பெராக்சிடேஸ், காட்டலேஸ், சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஆகியவற்றுக்கு டயமினோபென்சிடின் என்ற சேர்மம் பயன்படுகிறது. கிரஹாமும் கர்னோவ்ஸ்கியும் 1966-இல் இதைக் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸைப் பின்தொடரப் பயன்படுத்தினர். இதில் உருவாகும் கரிமப் பல்படி ஆஸ்மியத்தை ஈர்த்துக் கறுக்கிறது. சவ்வுகளிலும் ஆஸ்மியம் இருப்பதால் இங்கே எக்ஸ் கதிர் பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை. கருவி இருக்கிறது என்பதற்காக எல்லா மாதிரிகளையும் அதில் ஏற்ற வேண்டியதில்லை.

மாதிரியைத் தயாரிப்பதில் கவனிக்க வேண்டியவை எவை?

நிலைப்படுத்தல் ஒரு பேரம். அதிக நேரம் வைத்தால் அமைப்பு காக்கப்படும், நொதி சாகும். குறைத்தால் நொதி பிழைக்கும், ஆனால் இடம்விட்டுக் கசியும். குளிர்ந்த குளுட்டரால்டிஹைடில் குறுகிய நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, திசுவைச் சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக வெட்டிய பின்பே வினைக்கலவையில் இட வேண்டும். தடித்த துண்டின் நடுப்பகுதிக்குத் தளப்பொருளும் உலோக அயனியும் ஒரே வேகத்தில் போய்ச் சேர்வதில்லை. படத்துக்காக மட்டும் என்றால் 60 முதல் 90 நானோமீட்டர் வெட்டு போதும். எக்ஸ் கதிர் எண்ணிக்கைக்கு 100 முதல் 200 நானோமீட்டர் வரை தடிமன் இருப்பது உதவும். வெட்டிய பிறகு வழக்கமாகப் பூசும் ஈய சிட்ரேட் சாயத்தைத் தொடவே கூடாது; பூசினால் ஈயம் எங்கும் பரவி, அதுவரை செய்த வேலை பாழாகும்.

நிறமாலையில் ஈயம் உறுதியானால் நொதி உறுதியானதாகக் கொள்ளலாமா?

கூடாது. எக்ஸ் கதிர் உலோகத்துக்கு மட்டுமே சான்று. அந்த உலோகத்தை அங்கே கொண்டுவந்தது நொதிதான் என்பதற்குச் சான்று கட்டுப்பாட்டுச் சோதனைகள். தளப்பொருள் இல்லாத கலவையில் ஒரு துண்டு வைக்க வேண்டும். அங்கேயும் ஈயம் படிந்தால் அது வெறும் ஒட்டல். நொதியின் தடுப்பானைச் சேர்த்து மற்றொரு துண்டு வைக்க வேண்டும்: அமில பாஸ்படேஸுக்குச் சோடியம் ஃபுளோரைடு, கார பாஸ்படேஸின் பல வகைகளுக்கு லெவாமிசோல், காட்டலேஸுக்கு அமினோட்ரையசோல், சைட்டோகுரோம் ஆக்சிடேஸுக்குச் சயனைடு. சூடாக்கி நொதியைக் கொன்ற துண்டு ஒன்றும் வேண்டும். இந்த மூன்றிலும் முகடு மறைந்து, முழுக் கலவையில் மட்டும் தோன்றினால்தான் நொதியின் பெயரை எழுதலாம். விலையுயர்ந்த நிறமாலைமானி இருந்தும் கட்டுப்பாட்டுப் படம் ஒன்றுகூட இல்லாத கட்டுரையைவிட, எக்ஸ் கதிரே இல்லாமல் கட்டுப்பாடுகளை முறையாகக் காட்டும் கட்டுரையே நம்பத்தக்கது.

தளப்பொருளை மாற்றினால் முடிவு மாறுமா?

மாறலாம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் போவன், ரைடர் இருவரும் 1970-களில் பாலிசெலிஸ் டெனுயிஸ் என்ற நன்னீர்த் தட்டைப்புழுவை ஆராய்ந்தார்கள். பட்டினி கிடந்தால் தன் செல்களையே செரித்து உடல் சுருங்கும் விலங்குகள் இந்தத் தட்டைப்புழுக்கள். செல்லின் சிதைவையும் அமில பாஸ்படேஸையும் சேர்த்துப் பார்க்க ஏற்றவை. அவர்கள் கிளிசரோபாஸ்பேட்டுக்குப் பதிலாகப் பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட்டைத் தளப்பொருளாகக் கொண்டார்கள். அமில பாஸ்படேஸ் என்பது ஒரே நொதியின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். கிளிசரோபாஸ்பேட்டைத் தொடாத உறுப்பினர்களும் இந்தத் தளப்பொருளை உடைப்பதுண்டு. ஆகவே ஒரு படத்தில் கறுப்பு இல்லை என்றால், அந்தத் தளப்பொருளை உடைக்கும் நொதி அங்கே தெரியவில்லை என்று மட்டுமே பொருள்.

முகட்டின் உயரத்தைக் கொண்டு நொதியின் அளவைக் கணக்கிடலாமா?

உலோகத்தின் அளவைக் கணக்கிடலாம். மெல்லிய உயிரியல் வெட்டுகளில் தனிமத்தின் முகட்டை அதன் பின்னணியில் எழும் தொடர் எக்ஸ் கதிரோடு ஒப்பிட்டுச் செறிவைப் பெறும் முறையை வகுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய தியோடர் ஹால். இளம் வயதில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்து, அதன் இரகசியங்களைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்த அதே ஹால்தான் இவர். அந்தச் செய்தி 1990-களில்தான் பொதுவெளிக்கு வந்தது.

உலோகத்திலிருந்து நொதிக்குத் தாவுவது வேறு விஷயம். நிலைப்படுத்தலில் எவ்வளவு நொதி செத்தது, கலவை எவ்வளவு ஆழம் ஊடுருவியது, படிவே நொதியின் மீது மூடி வினையை எப்போது நிறுத்தியது என்பவை எல்லாம் நடுவில் நிற்கின்றன. ஒரே நாளில், ஒரே கலவையில் வைத்த இரு மாதிரிகளை ஒப்பிட்டு, ஒன்றில் அதிகம், மற்றதில் குறைவு என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

இம்யூனோகோல்டு முறை இருக்கும்போது இது இன்னும் தேவையா?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. எதிர்ப்பொருளில் தங்கத் துகளை இணைக்கும் இம்யூனோகோல்டு, அந்தப் புரதம் அங்கே இருக்கிறது என்று சொல்லும். அது உறங்குகிறதா, உழைக்கிறதா என்று சொல்லாது. வெள்ளையணுக்கள் கிருமிகளைச் சரிவரக் கொல்ல முடியாத பரம்பரை நோயான நாட்பட்ட கிரானுலோமா நோய் உள்ளவர்களின் நியூட்ரோஃபில்கள் நல்ல எடுத்துக்காட்டு. அவர்களில் சிலரிடம் ஆக்சிடேஸ் நொதியின் துணை அலகு ஒன்று மட்டும் குறைபட்டிருக்கும், மற்றவை இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் உருவாவதில்லை. அந்த இல்லாமையைக் காட்டுவது சீரியம் போன்ற வினை முறைதான்.

பழைய வேதியியல் புதிய வடிவத்திலும் திரும்பியிருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஏபெக்ஸ் என்பது, ஆய்வாளர் விரும்பும் புரதத்தோடு மரபணு வழியாக இணைக்கப்படும் ஒரு பெராக்சிடேஸ். அதைக் காட்டிக்கொடுப்பது அதே டயமினோபென்சிடின். 2016-இல் ரோஜர் சியன் குழுவினர் டயமினோபென்சிடினோடு வெவ்வேறு லாந்தனைடு உலோகங்களைப் பிணைத்து, எலக்ட்ரான் இழக்கும் ஆற்றலைக் கொண்டு அவற்றைப் பிரித்து, ஒரே செல்லில் பல நிறங்கள் போலக் காட்டினார்கள். 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் வரைபடத்தின் மூலம் கணையத் திசுவில் தங்கம், காட்மியம் செலினைடு ஆகிய அடையாளத் துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

உயிருள்ள செல்லில் இதைச் செய்ய முடியுமா?

முடியாது. வெற்றிடம், எலக்ட்ரான் கற்றை, நிலைப்படுத்தி ஆகிய மூன்றில் எதையும் செல் தாங்காது.

ஆய்வகத்தில் கவனமாக இருக்க வேண்டிய பொருள்கள் எவை?

ஏறக்குறைய எல்லாமே. ஈய நைட்ரேட்டும், ஆர்சனிக் கொண்ட காக்கோடைலேட்டும் உடலில் சேரும் நஞ்சுகள். ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணின் கருவிழியைத் தாக்கும். அதைப் புகைபோக்கி அறைக்கு வெளியே திறக்கவே கூடாது. டயமினோபென்சிடினைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாகக் கருதியே கையாள வேண்டும். காக்கோடைலேட்டை அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு எழும் வாய்ப்பு உண்டு என்பதால் கழிவுகளை ஒரே குடுவையில் ஊற்றக் கூடாது. ஈயம், ஆர்சனிக், ஆஸ்மியம் ஆகியவற்றைத் தனித்தனிக் குடுவைகளில் சேர்த்து, பெயரெழுதி, அபாயக் கழிவுகளை ஏற்கும் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும்.